சுவரில் வரைந்த பூமி

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் அஞ்சு பாயிண்ட் டீச்சர். வைத்தவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் பெற்றோர்களும் சக ஆசிரியர்களும் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியும்கூட அப்படியேதான் சொல்வார்கள். எரிமலை ஏன் வெடிக்கிறது? அஞ்சு பாயிண்ட். பாறை எப்படி உண்டாகிறது? அஞ்சு பாயிண்ட். ஆறு வளைந்து ஓட நான்கே காரணம்தான் என்று பாடநூல் சொன்னாலும் விடமாட்டாள். எங்கிருந்தாவது ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்துவிடுவாள். அவள் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "வீட்டுக்கு ஏன் லேட்டுன்னு கேட்டா அஞ்சு காரணம் சொல்லணும். நாலோட நிறுத்தினா மார்க் போயிடும்" என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கலாமே தவிர குறை சொல்ல முடியாது. புவியியலில் அவள் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூடத் தோற்றதில்லை. மெதுவாகப் படிக்கும் பிள்ளையைக்கூட உட்காரவைத்து, தலையில் ஏறும்வரை ஐந்தையும் சொல்லிச் சொல்லிக் கரையேற்றிவிடுவாள். அதற்கு ஒரு கதை உண்டு. பள்ளியில் படித்த காலத்தில் அவளே இந்தப் பாடத்தில் ஒருமுறை தோற்றவள். லாரி மெக்கானிக்கான அப்பா அன்றைக்கு அவளைத் திட்டவில்லை. சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்த முதுகைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. தன் பிள்ளைகள் யார் வீட்டிலும் ஓர் அப்பா அப்படித் திரும்பிப் படுக்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டாள். பூமிக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பாயிண்ட் தவறக் கூடாது.

இந்த நிலையில்தான் கல்வி அலுவலகத்துக்குப் புவி அறிவியல் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. பிள்ளைகள் புரியாமல் மனப்பாடம் செய்கிறார்களாம், கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டுமாம். ஒரு பள்ளியில் மாதிரிப் பாடம் நடக்கும், அதிகாரி வந்து பார்ப்பார், பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளுக்கும் அதுவே வழி. சரி, எந்தப் பள்ளி? யாருடைய பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்களோ அந்தப் பள்ளி! மனப்பாடத்தை ஒழிப்பதற்கு மனப்பாடத்தில் முதலாவதாக வந்தவளையே தேர்ந்தெடுத்தார்கள். இதில் இருக்கும் வேடிக்கை அந்த அலுவலகத்தில் யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை. தலைமையாசிரியை அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்.

பள்ளிக்கூடம் ஒரு குன்றின் அடியில் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு இடம் போதாமல், குன்றின் அடியைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். வெட்டிய மண் சரியாமலிருக்க, அறைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கல் தடுப்புச் சுவர். அறைக்கும் அதற்கும் நடுவே ஒருவர் நடக்கிற அளவுக்குச் சந்து. பின் ஜன்னல்களைத் திறந்தால் அந்தச் சுவர்தான் முகத்தில் முட்டும். அறையையும் சுவரையும் கட்டியவன் அவளுடைய தம்பி. சின்னச் சின்ன வேலையாகச் செய்துகொண்டிருந்த மேஸ்திரிக்கு அதுதான் முதல் பெரிய வேலை. பள்ளியில் அவனுக்காகப் பேசியவள் அவள்தான்.

"ஜன்னலைத் திறந்தா பூமியே தெரியணும்" என்று யோசனை சொன்னவளும் அவள்தான். தடுப்புச் சுவரை வழவழவென்று பூசி, பூமியைப் பாதியாக வெட்டிவைத்த மாதிரி பெரிய படம் வரைவது. வெளியே மேலோடு, உள்ளே கவசம், நடுவில் செக்கச்சிவந்த கருவம். தம்பி பூசிக் கொடுத்தான், ஓவிய ஆசிரியர் வரைந்து கொடுத்தார். படம் அற்புதமாகத்தான் வந்தது. ஒரே ஒரு தொந்தரவு. சுவரில் வரிசையாகக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதில் இரண்டு சரியாகக் கருவத்தின் நடுவே, பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

"டீச்சர், பூமி நம்மளையே முறைச்சுப் பார்க்குது" என்று வகுப்பு உருண்டு சிரித்தது. அவளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"இந்தக் குழாயெல்லாம் அடைச்சிடுடா."

"அக்கா, அது சும்மா வெச்சதில்ல. மண்ணுல ஊறுற தண்ணி வெளிய வர்றதுக்கு."

"எங்கடா வருது? ஒரு சொட்டு வந்து நான் பார்க்கல."

"வெயில் காலத்துல எப்படிக்கா வரும்?"

"அதிகாரி வர்றப்ப பூமிக்குக் கண்ணு முளைச்சிருந்தா எனக்குத்தான் அசிங்கம். அவர் வந்துட்டுப் போகட்டும், மறுநாளே திறந்துக்கோ."

அவன் தலையைச் சொறிந்தான். அம்மா போனபின் அவனுக்குச் சோறு ஊட்டி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அக்கா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவன். சிமெண்டைக் குழைத்து ஒவ்வொரு குழாயாக அடைத்தான். ஓவிய ஆசிரியர் அதன்மேல் சிவப்பைத் தீட்டினார். பூமி கண்ணை மூடிக்கொண்டது.

அதிகாரியின் வருகை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. மழை மட்டும் தள்ளிப்போகவில்லை, பிடித்துக்கொண்டு பெய்தது.

மழை தொடங்கிய சில நாளில் அந்த அறையின் கதவு மக்கர் செய்ய ஆரம்பித்தது. தச்சர் வந்தார், தட்டிப் பார்த்தார். "மரம் தண்ணி குடிச்சு உப்பியிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்று இழைப்புளியால் ஓரத்தை இழைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தது. அடுத்த வாரம் மறுபடி இறுகியது. மறுபடி வந்து இழைத்தார். மூன்றாம் தடவை வந்தபோது அவருக்கே அலுத்துவிட்டது. "டீச்சர், இன்னொரு தடவ இழைச்சா இது கதவா இருக்காது, சட்டமாத்தான் இருக்கும்" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே மரத்தைத் திட்டினாள். பாவம் அந்த மரம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் ஒத்திகை. தலைமையாசிரியை பின்வரிசையில் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டார். மழைக்காலம் என்பதால் மண்சரிவுப் பாடத்தை எடுத்திருந்தார்கள். மண்சரிவு வரப்போவதன் அறிகுறிகள் யாவை என்று அவள் கேட்டதுதான் தாமதம், வகுப்பு ஒரே குரலில் பொழிந்து தள்ளியது. சரிவின் மேலே தரையில் வெடிப்பு தோன்றும். மரங்களும் கம்பங்களும் சாயும். சுவர்கள் விரிசல் விட்டுப் புடைக்கும். கதவும் ஜன்னலும் இறுகிக்கொள்ளும். இதுவரை இல்லாத இடத்தில் கலங்கிய நீர் ஊறும். ஐந்து! தலைமையாசிரியை கைதட்டினார்.

நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. யாருடைய கை என்று பார்க்கவே வேண்டாம். அந்தப் பெண்ணை வகுப்பே டவுட்டு என்றுதான் கூப்பிடும். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சந்தேகம் வைத்திருப்பாள். நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்று காலையில்தான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

"டீச்சர், இந்த அஞ்சுல எத்தனை வந்தா வெளிய ஓடணும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியை கண்ணை உருட்டினார்.

"கேள்வியில அது இல்லம்மா, உட்காரு" என்றாள் அவள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள். கதவு வரவில்லை. பெரிய பையன்கள் இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, கிரீச்சென்று அலறிக்கொண்டு திறந்தது. அவள் சாக்பீஸைப் பெட்டியில் போட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்ததுதான். ஆனால் இன்றைக்கு அவள் வாய், பழக்கதோஷத்தில், தானாக முணுமுணுத்தது: கதவும் ஜன்னலும் இறுகிக்கொள்ளும்.

அறை காலியானது. மெதுவாகப் பின்பக்கம் போய் ஒரு ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். பாதியில் நின்றது. அடுத்ததும் அப்படியே. ஜன்னல் வழியாகத் தடுப்புச் சுவரைப் பார்த்தாள். மேலோட்டிலிருந்து கருவம்வரை மயிரிழை போல் ஒரு கோடு இறங்கியிருந்தது. ஓவியர் போட்ட கோடில்லை. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. சுவர் நேராக இல்லை, நிறைமாத வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருந்தது.

சந்துக்குள் போனாள். காலடியில் தண்ணீர், கடும் டீ நிறத்தில். மழைத்தண்ணீராக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தால் அது மேலிருந்து விழவில்லை. சுவருக்கும் தரைக்கும் நடுவிலிருந்து குமிழ் விட்டு ஊறிக்கொண்டிருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினாள். இத்தனை வருட வேலையில் அந்தக் குன்றில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாதையோர விளக்குக் கம்பம் பள்ளியைக் குனிந்து பார்த்த மாதிரி சாய்ந்து நின்றது. அதைத் தாண்டிப் புல்லில் கால் புதைந்தது. புல்லை விலக்கினாள். தரை வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவு பிறை மாதிரி வளைந்து, பள்ளியின் புது அறைக்கு நேர் மேலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை போயிருந்தது. கையை உள்ளே விட்டாள். முழங்கை வரைக்கும் போனது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இந்த ஐந்தையும் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், சொல்லவைத்திருப்பாள்! ஒருநாளாவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, இதோ பார் என்று காட்டியதுண்டா? காட்டுவதென்ன, அவளே பார்த்ததில்லை. பூமிக்கு முன்னால் பூமியின் படத்தை மாட்டி, அந்தப் படம் அழகாகத் தெரிவதற்காகப் பூமியின் வாயை அடைத்துவிட்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். வந்தான். சந்தில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. பையிலிருந்து உளியை எடுத்து, முன்பு கண்ணாக இருந்த ஒரு குழாயின் சிமெண்டைத் தட்டினான். மூடி தெறித்தது. சேற்றுத் தண்ணீர் பீறிட்டு அவன் நெஞ்சில் அடித்தது. மற்ற குழாய்களையும் உடைத்தான். சிலவற்றில் பாய்ந்தது, சிலவற்றில் ஒன்றுமே வரவில்லை.

"பின்னாடி மண்ணு வந்து அடைச்சிடுச்சு" என்றான். "பரவால்ல, இதுல போகுது இல்ல. காலைல பாரம் குறைஞ்சிடும்."

"குறையலைன்னா?"

"குறையும்க்கா."

"நாளைக்கு இந்த ரூம்ல ஒரு பிள்ளையும் உட்காரக் கூடாது. நான் சொல்லத்தான் போறேன்."

அவன் உளியைக் கீழே போட்டான். "நீ சொல்லிட்டா அப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்? பள்ளிக்கூடச் சுவரே நிக்கல, வீடா நிக்கப்போகுதுன்னு சிரிப்பாங்க."

"அடைக்கச் சொன்னது நான்தான்னும் சேர்த்துச் சொல்லுவேன்."

"அது இன்னும் கேவலம்!" என்று கத்தினான். சின்ன வயதிலிருந்து அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. "தப்பாக் கட்டிட்டேன்னு பேரு வந்தாக்கூட தாங்கிக்குவேன். அக்கா சொன்னான்னு தெரிஞ்சே குழாயை அடைச்சவன்னு பேரு வேணாம். என் தொழிலே போயிடும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

தலைமையாசிரியையிடம் போனாள். அவர் நாளைக்கான ஏற்பாட்டில் தலைகால் புரியாமல் இருந்தார்.

"ஒரு மணி நேரம்தானே டீச்சர்? அதிகாரி போனதும் ரூமைப் பூட்டிடலாம்."

"அந்த ஒரு மணி நேரத்துல வராதுன்னு யார் மேடம் சொன்னா?"

"வரும்னு மட்டும் யார் சொன்னா? நீங்க புவியியல் நிபுணரா? புவியியல் டீச்சர்!"

அவள் அசையாமல் நின்றாள். அந்த நிற்பைப் பார்த்த தலைமையாசிரியை குரலை இறக்கிக்கொண்டார். "சரி, சரி. பெரிய ஹால்ல வெச்சுக்கலாம். படம் தெரியாது, அவ்வளவுதானே. போய் நிம்மதியா தூங்குங்க." அவளுக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பளிச்சென்று வெயில். பெரிய ஹாலுக்குப் போனால், அங்கே பெருக்குகிற அம்மாவைத் தவிர யாருமில்லை. "பிள்ளைங்களா? புது ரூமுக்குப் போயிட்டாங்களே. பெரிய மேடம்தான் அனுப்பினாங்க. வெயில் வந்துடுச்சு, இனி பயமில்லைன்னாங்க." தூரத்தில் வகுப்பின் குரல் கேட்டது. சரிவின் மேலே தரையில் வெடிப்பு தோன்றும், மரங்களும் கம்பங்களும் சாயும்...

ஓடினாள். செருப்பு வாரில் கால் இடறியது. உதறி எறிந்துவிட்டு ஓடினாள். அறைக் கதவு மூடியிருந்தது. அதிகாரி வரும்போது திறந்து காட்டலாம் என்று அழகாகச் சாத்தி வைத்திருந்தார்கள். தள்ளினாள். அசையவில்லை. தோளால் முட்டினாள்.

"டீச்சர், நாங்களும் இழுக்கறோம், வரமாட்டேங்குது!" உள்ளே சிரிப்பு. முன் ஜன்னல்களில் கம்பி. கம்பிக்குப் பின்னால் சீருடை கலையாமல், தலை கலையாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது பின்பக்கச் சந்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னச் சின்னக் கல் பொலபொலவென்று உதிரும் சத்தம்.

அவள் மறுபடியும் கதவில் மோதினாள். அந்த நேரத்தில் சந்திலிருந்து ஒருவன் ஓடிவந்தான். இடுப்புவரை சேறு, கையில் கடப்பாரை. தம்பி. விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் குழாய்களைப் பார்க்க வந்திருக்கிறான்.

"அக்கா, தண்ணி நின்னுடுச்சு! எல்லாக் குழாயும் நின்னுடுச்சு. பாரம் குறையல, மொத்தமா அடைச்சுக்கிச்சு. உள்ள யாரு இருக்கா?"

அவள் கதவைக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. "கதவுகிட்ட யாரும் நிக்காதீங்க!" என்று கத்திவிட்டு, தான் நட்டுவைத்த நிலையையே கடப்பாரையால் நெம்பினான். ஒரு முறை. இன்னொரு முறை. கீல் பிய்த்துக்கொண்டு கதவு சாய்ந்தது.

"பை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வெளிய வாங்க! ஓடுங்க, மைதானத்து அந்தக் கோடிக்கு!" பிள்ளைகள் அவளை இப்படிப் பார்த்ததில்லை. வெறுங்காலும் விரிந்த தலையுமாகக் கத்துகிற டீச்சரைக் கண்டு பயந்தே ஓடினார்கள். கடைசிப் பிள்ளை வெளியேறியதும் தானும் ஓடினாள்.

சரியாக அப்போதுதான் தலைமையாசிரியை, புன்னகையோடு, அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உடைந்த கதவு, சேறு பூசிய ஒரு மனிதன், மைதானத்து மூலையில் மூச்சுவாங்கும் வகுப்பு. "இதுதான் மாதிரிப் பாடமா?" என்று கேட்டார் அதிகாரி.

நடந்ததை அவள் சொன்னாள். எல்லோரும் குன்றைப் பார்த்தார்கள். குன்று வெயிலில் சும்மா இருந்தது. ஒரு காக்கை வந்து அறையின் கூரையில் உட்கார்ந்தது. நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. தலைமையாசிரியை அதிகாரியின் காதோரம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கே ஒரு கணம் நெஞ்சு தடுமாறியது. எல்லாம் வீண் பயமோ? இருந்தாலும் பரவாயில்லை, இன்று முழுக்க நிற்க வேண்டியிருந்தாலும் பிள்ளைகளைத் திரும்ப உள்ளே விடப்போவதில்லை.

"சரி, வந்தது வந்தாச்சு. பாடத்தை இங்கேயே நடத்துங்க" என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பாயிண்ட் வேண்டாம். அங்க பாருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

பள்ளியிலேயே அதிக மதிப்பெண் வாங்கும் வகுப்பு வாயடைத்து நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்சரிவின் அறிகுறிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எதிரே இருக்கிற குன்றைப் பார்க்கத் தெரியவில்லை. இது அவள் வளர்த்த வகுப்பு.

கடைசியில் ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்தக் கம்பம் கோணலா இருக்கு."

"ம். அப்புறம்?"

"நம்ம ரூம் சுவரு நடுவுல முன்னாடி வந்திருக்கு டீச்சர்." "ரூம் ஓரத்துல தண்ணி வருது. மழையே இல்லியே, எப்படி வருது?" ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். குரல்களில் ஒப்பிக்கிற ராகம் போயிருந்தது.

"டீச்சர், நேத்து கேட்டேனே" என்றாள் டவுட்டு. "எத்தனை வந்தா ஓடணும்?"

"ஒண்ணு போதும்மா" என்றாள் அவள். "ஒண்ணு வந்தாலே வெளிய வந்துடணும். நேத்தே சொல்லியிருக்கணும் நான்."

டவுட்டு தலையாட்டினாள். அவள் கண் குன்றைவிட்டு நகரவில்லை. "டீச்சர்," என்றாள், குரலே இல்லாமல். "அந்தக் கம்பம் நடக்குது."

கம்பம் நடந்தது. நின்றபடியே, சாய்ந்தபடியே, புல்லோடும் பாதையோடும் சேர்ந்து கீழே இறங்கி வந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம். தடுப்புச் சுவர் நடுவில் பிளந்தது. அறையின் பின்சுவர் உள்ளே சரிந்தது, கூரை ஒரு பக்கம் மடங்கியது, உடைந்த வாசல் வழியாகச் சேறு மெதுவாக வெளியே வந்து படிக்கட்டில் இறங்கியது. காக்கை எப்போதோ பறந்துவிட்டிருந்தது. பிள்ளைகள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பிள்ளையின் கை எது என்று தெரியாமல் எல்லாக் கைகளையும் அவள் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை தலைமையாசிரியையின் அறையில் நடந்தது. ஹாலில் வைப்பதாகச் சொல்லிவிட்டு அந்த அறைக்கே அனுப்பியதைத் தலைமையாசிரியை, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே, ஒப்புக்கொண்டார். அவரை அதே வாரம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து, குழாய்களை அடைத்தது யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் தம்பி. "என் புத்திக்குத் தோணிச்சு, அடைச்சேன்."

அவன் பார்வை அவளைக் கெஞ்சியது. சொல்லாதே அக்கா. அவளுக்கும் அது புரிந்தது. ஆனால் இதை மறைத்தால், நாளைக்கு இன்னொரு பள்ளியில் இன்னொரு டீச்சர் இன்னொரு சுவரில் அழகான படம் வரைவாள்.

"நான் சொல்லித்தான் அடைச்சான். வேண்டாம்னு சொன்னான், நான்தான் கேட்கல. படத்துல கண்ணு மாதிரி இருந்துச்சு, பிள்ளைங்க சிரிச்சாங்க. அதுக்காக."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி எழுந்து வெளியே போனான். மாதிரிப் பாடம் ரத்தானது. அவளுக்குக் கடுமையான எச்சரிக்கை வந்தது. வேலை தப்பியது பிள்ளைகளின் பெற்றோர்கள் வந்து நின்றதால்தான்.

அதன்பிறகு தம்பி அவளோடு பேசவில்லை. அவன் பயந்தபடியே ஆனது. எங்கே வேலைக்குப் போனாலும், "உங்க அக்காவைக் கேட்டுக்கிட்டுக் கட்டறீங்களா மேஸ்திரி?" என்று கிண்டல் செய்தார்கள். அவள் போன் செய்தால் எடுக்கமாட்டான், வீட்டுக்குப் போனால் பின்வாசலால் போய்விடுவான். கணவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "கோவத்துக்கு அஞ்சு காரணம் இருந்தா பேசித் தீர்க்கலாம். ஒண்ணுதான் இருக்கு, அதான் தீரமாட்டேங்குது" என்றார். அதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை.

பள்ளியில் புதுச் சுவர் எழுந்தது, வேறொரு மேஸ்திரி கட்டியது. அதில் படம் இல்லை. நிறையக் குழாய்கள் இருந்தன. பக்கத்தில் யாரும் போகாமலிருக்க வேலி போட்டார்கள். அறை மைதானத்தின் மறுகோடிக்குப் போனது. மழை பெய்து ஓய்ந்த நாளில் அவள் வகுப்பை வேலியோரம் கூட்டிப்போவாள். எந்தக் குழாயில் எப்படித் தண்ணீர் வருகிறது, தெளிவா கலங்கலா, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்ல வேண்டும். தேர்வுக்கு இதெல்லாம் வருமா என்று சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். வராது, ஆனா மழை வரும் என்று பதில் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள். குழாய்கள் எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தன. பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட டவுட்டு இடைவேளையில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தவள், ஆசிரியர் அறைக்கு ஓடிவந்தாள்.

"டீச்சர், மூலைல ஒரு குழாய் நின்னுடுச்சு. பக்கத்துல இருக்கறதெல்லாம் வருது, அது மட்டும் வரல. ஒண்ணுதான். ஒண்ணு போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் முதலில் வேலிப் பக்கம் யாரையும் விடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அலுவலகத்துக்குத் தகவல் போனது, நாளைக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். பிறகு, எடுக்கமாட்டான் என்று தெரிந்தே தம்பியின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. ஒரே ஒரு வரி தட்டி அனுப்பினாள்: ஒரு குழாய் அடைச்சிருக்கு.

மதிய மணி அடிப்பதற்குள் வாசலில் மோட்டார் பைக் சத்தம் கேட்டது. தோளில் நீளமான இரும்புக் கம்பியோடு அவன் இறங்கினான். நரைத்திருந்தான், இளைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலிவரைக்கும் வந்து நின்று, சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"எந்தக் குழாய்க்கா?"